கிழமைக்கு நாலு லீற்றர்: பெற்றோல் கியூஆருடன் பதின்மூன்று மாதங்கள்

தேசிய எரிபொருள் அட்டை என்பது பத்திரிகைகளில் வந்த பெயர். நாங்கள் கியூஆர் என்றுதான் சொன்னோம். ஒவ்வொரு வாகனத்துக்கும் கிழமைக்கு இவ்வளவு லீற்றர் என்று கோட்டா வைத்து, கியூஆர் குறியீட்டை ஸ்கேன் பண்ணிப் பெற்றோல் கொடுத்த பங்கீட்டு முறை அது. 2022 ஜூலை 16ஆம் திகதி அறிமுகமாகி, ஓகஸ்ட் தொடக்கத்தில் நாடு முழுவதும் கட்டாயமாகி, 2023 செப்டெம்பர் 1ஆம் திகதி நிறுத்தப்பட்டது. அந்தப் பதின்மூன்று மாதமும் என் ஸ்கூட்டிக்கு ஒரு சொட்டுப் பெற்றோல்கூட நான் வேறு வழியில் எடுக்கவில்லை. அதன் நல்லதையும் கெட்டதையும் கிட்ட நின்று பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். முதலே சொல்லிவிடுகிறேன்: இலங்கையில் யாரையும் கெஞ்சாமல், யாருடைய கடிதமும் இல்லாமல் எனக்குக் கிடைத்த அரச சேவை இது ஒன்றுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருக்கிறேன். தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். போக 18 கிலோமீற்றர், வர 18. வீட்டில் அம்மா. அவவுக்கு நீரிழிவு, மாதம் ஒரு கிளினிக். ஸ்கூட்டி ஓடாவிட்டால் எங்கள் வீட்டில் எதுவும் ஓடாது.

கியூஆரின் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முந்திய மாதத்தைச் சொல்ல வேண்டும். 2022 ஜூன். கப்பல் வந்ததாம், பெற்றோல் செற்றுக்கு, அதாவது எரிபொருள் நிலையத்துக்கு, பவுசர் வந்ததாம் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி விழும். அது உண்மையோ பொய்யோ தெரியாது, ஓடிப்போய் வரிசையில் ஸ்கூட்டியை விடுவோம். ஒரு தடவை மாலை நாலு மணிக்கு விட்டு, இரவு பக்கத்துக் கடைப் படிக்கட்டில் இன்னும் மூன்று பெண்களோடு இருந்து, அடுத்த நாள் பதினொன்றரைக்கு எனக்கு முன்னால் எட்டு வாகனம் நிற்கும்போது முடிந்துவிட்டது என்று சொன்னார்கள். வேறு செற்றுகளில் அத்தியாவசிய சேவைக்கு ஒரு வரிசை, அரச உத்தியோகத்தருக்கு ஒரு வரிசை, கிராம சேவகர் முத்திரை குத்திய அட்டைக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு கடிதம், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு தெரிந்த ஆள். தெரிந்த ஆள் இல்லாதவர்கள் ரோட்டில். கறுப்புச் சந்தையில் ஒரு போத்தல் 1,500 ரூபா கேட்டார்கள். ஜூன் 27ஆம் திகதி, ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கமே அறிவித்தது. நாட்டின் வேறு பகுதிகளில் வரிசையில் நின்றபடியே வயதானவர்கள் இறந்த செய்திகளும் வந்தன. நான் அந்தக் கிழமைகளில் சைக்கிளில் போனேன். கைதடிப் பாலத்தில் எதிர்க்காற்றுக்கு இறங்கி உருட்டிக்கொண்டு போனது இன்னும் கால்களில் இருக்கிறது.

அப்புறம் கியூஆர் வந்தது. பதிவு செய்வது லேசு. வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், போனுக்கு வரும் ஒரு குறியீட்டு எண், அவ்வளவுதான். தமிழிலும் பக்கம் இருந்தது. முதல் இரண்டு நாள் இணையத்தளம் திணறியது. மூன்றாம் நாள் விடிய நாலரைக்கு எழும்பிப் பதிந்தேன், ஐந்து நிமிடத்தில் கறுப்புக் கட்டங்கள் கொண்ட படம் போனில் வந்துவிட்டது. ஸ்மார்ட் போன் இல்லாதவர்களுக்கு ஊரில் உள்ள கொம்யூனிகேஷன் கடைகளில் பதிந்து, அச்செடுத்து, லேமினேற் பண்ணிக் கொடுத்தார்கள். நானும் ஒரு பிரதி எடுத்து ஸ்கூட்டிச் சாவியோடு கோர்த்தேன். போனில் சார்ஜ் இல்லாத நாட்களில் அதுதான் கைகொடுத்தது. மின்வெட்டுக் காலம் அது, போன் சார்ஜையும் கணக்குப் பார்த்துத்தான் பாவித்தோம்.

முதல் நாள் செற்றில் நடந்தது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. வாகன இலக்கத்தின் கடைசி எண்படி நாள் பிரித்திருந்தார்கள். என் முறை வந்தபோது பம்ப் பெடியன் தன் போனை என் அட்டைக்கு மேலே பிடித்தான். ஒரு சின்னச் சத்தம். திரையைத் திருப்பி எனக்குக் காட்டினான்.

“நாலு லீற்றர் கிடக்கு ரீச்சர். முழுக்க அடிக்கட்டோ, மிச்சம் விடுறியளோ?”

எவ்வளவு வேண்டும் என்று ஒருவர் என்னிடம் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. வரிசையில் நின்றது மொத்தம் நாற்பது நிமிடம். எனக்கு முன்னால் ஒரு வைத்தியரின் மோட்டார் சைக்கிள், பின்னால் மேசன் வேலைக்குப் போகிற ஒருவர். மூவருக்கும் நாலு நாலு லீற்றர். வைத்தியர் எதுவும் காட்டவில்லை, யாரும் அவரைக் கூப்பிட்டு முன்னால் விடவுமில்லை. இந்த ஒரு காட்சிக்காகவே இந்தச் சேவையைச் செய்து கொடுத்த கணினிப் பெடியள் பெட்டைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். நெருக்கடியின் நடுவில் சில கிழமைகளுக்குள் இதைக் கட்டி எழுப்பினார்கள்.

நாலு லீற்றர் போதுமா? என் கணக்கு இது. ஸ்கூட்டி லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும். நாளுக்கு 36 கிலோமீற்றர், ஐந்து நாளைக்கு 180. நாலு லீற்றர் சரி. பாடசாலைக்கு மட்டும் சரி. அதற்கு மேல் கோயிலுக்கோ, செத்தவீட்டுக்கோ, அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகவோ ஒரு துளி மிஞ்சாது. ஆரம்பத்தில் பாடசாலை கிழமைக்கு மூன்று நாள்தான் நடந்ததால் ஒன்றரை லீற்றர் மிஞ்சியது. ஐந்து நாளும் தொடங்கிய பிறகு, கிளினிக் வரும் கிழமையில் ஒரு நாள் பஸ்ஸில் போனேன். 2023 ஏப்ரலில் கோட்டா ஏழு லீற்றரானது, மே கடைசியில் பதினாலு. பதினாலு வந்த பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

லீற்றரை விடப் பெரிய விஷயம் ஒன்று கிடைத்தது. வியாழக்கிழமை எனக்குப் பெற்றோல் கிடைக்கும் என்று திங்கட்கிழமையே தெரிந்தது. அது தெரிந்ததால் நான் பாடம் திட்டமிட்டேன், பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு வைத்தேன், அம்மாவின் கிளினிக்குக்கு நாள் குறித்தேன். இரவுகளைத் திரும்ப வீட்டில் கழித்தேன். இதற்கு எந்த நுகர்வோர் கணக்கிலும் ஒரு நிரல் கிடையாது.

குறைகளுக்கு வருகிறேன். செப்டெம்பரில் ஒரு நாள், பெயர் வேண்டாம், ஒரு செற்றில் என் அட்டையை ஸ்கேன் பண்ணி நாலு லீற்றரையும் கழித்த பிறகு பம்ப் நின்றுவிட்டது. தாங்கியில் பெற்றோல் முடிந்துவிட்டதாம். கழித்ததைத் திரும்பப் போட முடியாது என்றார்கள். முறைப்பாட்டு இலக்கத்துக்கு இரண்டு நாள் எடுத்தேன், யாரும் தூக்கவில்லை. அடுத்த கிழமைக் கோட்டா விழும்வரை மீண்டும் சைக்கிள்தான். ஸ்கேன் முதலா, அடிப்பது முதலா என்ற சின்ன ஒழுங்குதான். அதை மாற்றியிருந்தால் போதும்.

அத்தானுக்கு வந்தது இதைவிடப் பெரிய தலையிடி. அவர் வாங்கியது பழைய மோட்டார் சைக்கிள், பதிவுப் புத்தகம் இன்னும் பழைய சொந்தக்காரர் பெயரில். பதியப் போனால், இந்த வாகனம் ஏற்கெனவே பதியப்பட்டுள்ளது என்று வந்தது. வாகனத்தை விற்றவர் கோட்டாவை மட்டும் வைத்துக்கொண்டாரா, அல்லது யாரும் இலக்கத்தைத் தவறாக அடித்தார்களா, கடைசிவரை தெரியவில்லை. மூன்று கிழமை அவர் மேசன் வேலைக்கு நடந்து போனார். எங்கள் பக்கத்தில் பெயர் மாற்றாமல் கைமாறிய வாகனங்கள் ஏராளம். அதை யோசித்து ஒரு வழி முதலே வைத்திருக்க வேண்டும்.

ஆனால் எனக்கு உண்மையில் நோகிற குறை வேறு. கியூஆர் மனிதரை எண்ணவில்லை, எஞ்சினை எண்ணியது. மோட்டார் சைக்கிளுக்கு நாலு, ஓட்டோவுக்கு ஐந்து, காருக்கு இருபது. கார் வைத்திருப்பவருக்கு என்னைப்போல ஐந்து பங்கு. வாகனமே இல்லாதவருக்கு ஒன்றுமில்லை. தொடங்கியபோது எல்லாம் சேசிஸ் இலக்கத்தில் நின்றது, கிணற்றடியில் இருக்கிற இறைப்பு மிஷினுக்கு சேசிஸ் இலக்கம் ஏது? எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் வெங்காயம் வைத்திருந்தவர் மண்ணெண்ணெய் இல்லாமல் பட்டையால் இறைத்தார். பாத்தி பாதி காய்ந்தது.

மண்ணெண்ணெய் எங்கள் ஊருக்கு வெறும் எரிபொருள் இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் யாழ்ப்பாணத்துக்கு வராது. அப்பாவின் ஹொண்டா மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார், காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு உதைப்பார், பிடித்ததும் மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடும். நான் படித்தது ஜாம் போத்தல் விளக்கில், அடியில் பஞ்சு, கொஞ்சமே கொஞ்சம் எண்ணெய். ஆகவே 2022 ஓகஸ்ட் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியபோது, கொழும்பில் அது ஒரு செய்தி, கடற்றொழில் ஊரான குருநகரில் அது இடி. என் வகுப்பில் ஒரு பிள்ளையின் அப்பா கடல் தொழில். வெளியிணைப்பு எஞ்சின் படகு, ஒரு நாள் தொழிலுக்கு இருபது லீற்றர் போகும் என்று அந்தப் பிள்ளை சொன்னாள். முந்தி 1,740 ரூபா. அன்றிலிருந்து 6,800. மீன் அகப்பட்டாலும் படாவிட்டாலும். அவள் அந்தத் தவணை முழுக்கக் கிழமைக்கு இரண்டு நாள்தான் வந்தாள்.

விலையை ஏற்றியதற்கு ஒரு நியாயம் இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. பெற்றோல் 450 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா என்றால் மண்ணெண்ணெய் குப்பி விளக்குக்குப் போகாது, டீசலில் கலந்து பஸ்ஸுக்கும் லொறிக்கும்தான் போகும். போனது. ஏழைக்கென்று கொடுத்த மலிவு விலையைப் பணக்கார எஞ்சின் குடித்தது. அப்படியானால் விலையை ஏற்றும் அதே நாளில் கடற்றொழிலாளிக்கும் தோட்டக்காரனுக்கும் கையில் காசாகக் கொடுக்க வேண்டும். அஸ்வெசும என்ற பெயரில் புதிய நலன்புரித் திட்டம் 2023 நடுப்பகுதியில்தான் வந்தது. கிட்டத்தட்ட ஒரு வருட இடைவெளி. அந்த ஒரு வருடத்தை அந்தப் பிள்ளையின் வீடு எப்படிக் கடந்தது என்று எனக்குத் தெரியும்.

சரி, பெற்றோல் ஏன் இல்லாமல் போனது? செற்றுக்காரரைத் திட்டினோம், அமைச்சரைத் திட்டினோம். வகுப்பில் பிள்ளைகள் கேட்டபோது நான் இரண்டு திகதியைக் கரும்பலகையில் எழுதினேன். 2022 ஜனவரி 18. அன்று இலங்கை, வெளிநாட்டு முதலீட்டாளர்களின் கைகளில் இருந்த கடன் பத்திரத்துக்கு 500 மில்லியன் டொலர் கட்டியது. தைப்பொங்கல் முடிந்து நாலாம் நாள். அடுத்தது பெப்ரவரி 2. எரிபொருள் வாங்க இந்தியாவிடமிருந்து கடன் ஒப்பந்தம், அதுவும் 500 மில்லியன் டொலர். ஒரு கையால் கட்டிய அதே தொகையை இரண்டு கிழமையில் மற்றக் கையால் கடன் வாங்கினோம். 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டு ஒதுக்கு 2022 மார்ச்சில் 1.9 பில்லியன். அதிலும் பெரும்பகுதி சீனாவுடனான நாணய மாற்றில் வந்த யுவான், எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க முடியாது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். அந்த முடிவை ஜனவரியில் எடுத்திருந்தால் எத்தனை கப்பல் வந்திருக்கும் என்று பிள்ளைகளே கணக்குப் பார்த்தார்கள்.

டொலர் ஏன் இல்லாமல் போனது என்பதில் எங்கள் வீட்டுக்கும் பங்கு இருக்கிறது. பெரியம்மாவின் மகன் கனடாவில். மாதாமாதம் அம்மாவின் மருந்துக்குக் காசு அனுப்புவான். 2021 கடைசியில் வங்கி ஒரு டொலருக்கு 203 ரூபா சொன்னது, ஊக்கத்தொகையாகப் பத்து ரூபா சேர்த்துக் கொடுத்தது. வங்கிக்கு வெளியே காசு மாற்றுகிற உண்டியல்காரர் 240 தந்தார். அவன் ரொறன்ரோவில் ஒருவரிடம் டொலரைக் கொடுப்பான், அடுத்த நாள் இங்கே ஒரு பெடியன் மோட்டார் சைக்கிளில் வந்து ரூபாவை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போவான். டொலர் கனடாவை விட்டு வெளிக்கிடவே இல்லை. அம்மாவுக்கு மருந்து வந்தது, நாட்டுக்கு டொலர் வரவில்லை. எங்களைப்போல எத்தனை வீடு! வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பியது 2020இல் 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5 பில்லியனுக்கு இறங்கியது. நாங்கள் செய்தது பிழை என்று எனக்கு இப்போதும் மனதில் இருக்கிறது. ஆனால் மருந்து வாங்குகிற கை 240 ரூபாவை விட்டு 213 ரூபாவை எடுக்காது. ரூபாவின் விலையைப் பிடித்து வைத்திருந்தவர்கள்தான் அந்தத் தெரிவை எங்கள் முன்னால் வைத்தார்கள். 2022 மார்ச் 7ஆம் திகதி பிடியை விட்டார்கள், மே மாதத்தில் டொலர் 360 ரூபா. மெல்ல மெல்ல இறங்க வேண்டிய படிக்கட்டில் ஒரேயடியாக விழுந்தோம்.

இலங்கை அரசியல்வாதிகளுக்கு விலை ஏற்றுவதென்றால் பழைய பயம் ஒன்று உண்டு. 1953இல் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார்கள். ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால், நாடு நின்றது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அன்றிலிருந்து நட்டத்துக்கு விற்பதே நல்லாட்சி என்று ஆகிவிட்டது. 2019 டிசம்பரில் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தபோதும் எல்லோரும் கைதட்டினோம். வரியும் இல்லை, விலையும் இல்லை, இடைவெளியைக் கடன் நிரப்பியது. கென்யாவோ கானாவோ பாகிஸ்தானோ, கடனில் சிக்கிய நாடுகளின் பாடத்தைப் படிப்பிக்கும்போதெல்லாம் இதே முடிச்சு வேறு நிறத்தில் வருகிறது.

என் பாடத்தையும் இந்தக் கியூஆர் மாற்றியது. பல வருடமாக நான் கேள்வி வளைகோடு, நிரம்பல் வளைகோடு கீறி, சமநிலைக்குக் கீழே உச்ச விலைக் கோட்டைப் போட்டு, மிகைக் கேள்வியைத் தீர்க்க இரண்டு வழி உண்டு, ஒன்று விலை, மற்றது பங்கீடு என்று படிப்பித்தேன். ஒன்றை எடுத்தால் மற்றது வேண்டாம் என்பதுபோல. செற்றில் நின்று பார்த்தபோது இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன. விலை மட்டும் இருந்திருந்தால் 450 ரூபா கொடுக்கக்கூடியவர் தாங்கியோடு வீட்டுக்குள் கலனும் நிரப்பியிருப்பார், மேசனுக்கு ஒன்றும் மிஞ்சாது. பங்கீடு மட்டும் இருந்து விலை பழையபடி 177இல் நின்றிருந்தால் கோட்டாவையே வாங்கிக் கறுப்பில் விற்றிருப்பார்கள், அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் இன்னும் கடனுக்குள் போயிருக்கும். இப்போது அந்தப் படத்தைக் கீறும்போது நாலு லீற்றரில் செங்குத்தாக ஒரு கோடும் போடுகிறேன்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு. கழித்த ஒன்று குருநகருக்கும் கிணற்றடிக்கும். என் பம்ப் நின்றுபோன அந்தக் கிழமைக்காக நான் எதுவும் கழிக்கவில்லை.

2023 செப்டெம்பர் 1ஆம் திகதி பாடசாலை முடிந்து வரும் வழியில் செற்றுக்குள் விட்டேன். வரிசை இல்லை. பழக்கத்தில் சாவிக்கொத்தைத் தூக்கி அட்டையை நீட்டினேன். அதே பெடியன்.

“இனி அது வேண்டாம் ரீச்சர். எவ்வளவுக்கு அடிக்க?”

ஐந்து லீற்றர் என்றேன். முந்தின இரவுதான் விலை 361 ஆகியிருந்தது. மீற்றர் ஓடி 1,805 ரூபாவில் நின்றது. கியூஆர் தொடங்கிய முதல் நாள் இதே பம்பில் நாலு லீற்றருக்கு 1,800 ரூபா கொடுத்தேன். இரண்டாயிரம் ரூபாத் தாளைக் கொடுத்து மிச்சத்தை வாங்கினேன், அட்டையைச் சாவியிலிருந்து கழற்றவில்லை.